ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வயிறு மட்டும் ஏன் வலிக்கிறது?

ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர். அதற்குள் எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி, அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று ஐந்தாறு வருடக் காகிதங்கள். எல்லாவற்றின் அடியிலும் ஒரே முடிவு: நார்மல். அந்தக் கவரைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக ஏறி இறங்குகிறவருக்கோ சாப்பிட்ட அரை மணி நேரத்தில் அடிவயிறு முறுக்குகிறது. சாயங்காலம் ஆனால் வயிறு கல் மாதிரி உப்பிக்கொள்கிறது. இரண்டு நாள் போகாமலே இருக்கும், மூன்றாம் நாள் நாலு தடவை ஓட வைக்கும். "ஒண்ணும் இல்ல, டென்ஷனக் குறைங்க" என்கிறார் டாக்டர். வீட்டில் அதையே இன்னும் கூர்மையாகச் சொல்வார்கள்: "எல்லாம் உன் மனப்பிரமை."

இப்படி ஒருவர் இல்லாத சொந்தபந்தம் குறைவு. மருத்துவத்தில் இதற்குப் பொதுவாக ஐ.பி.எஸ்., அதாவது இர்ரிடபிள் பவல் சிண்ட்ரோம், என்று பெயர். தமிழில் 'எரிச்சல் குடல் நோய்' என்று எழுதுகிறார்கள். பெயர் அவ்வளவு பொருத்தமில்லை. குடல் எரிவதில்லை, புண்ணும் இருப்பதில்லை.

ஸ்கேனும் எண்டோஸ்கோபியும் குடல் பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்றுதான் காட்டும். புண், கட்டி, அடைப்பு, வீக்கம் இருந்தால் தெரியும். ஆனால் குடல் எப்படி ஓடுகிறது, எப்படி உணர்கிறது என்ற இரண்டு கேள்விகளும் படத்தில் அகப்படாதவை. ஒரு வீட்டின் சுவரைப் போட்டோ எடுத்தால் உள்ளே ஓடும் வயரில் கரண்ட் சரியாக வருகிறதா என்று தெரியாது அல்லவா, அந்த மாதிரி. ஆராய்ச்சியாளர்கள் முதலில் பிடித்துக்கொண்டது ஓட்டத்தை. உணர்வின் பக்கம் அவர்கள் திரும்ப ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு ஆனது.

குடல் தானாக ஓடும்

வாயில் போட்ட கவளத்தை விழுங்குகிற வரைக்கும்தான் நம் அதிகாரம். அதன் பிறகு அது குடலின் பொறுப்பு. 1899இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் மயக்கம் கொடுத்த நாய்களின் குடலில் இதைச் சோதித்தார்கள். குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிவிட்டார்கள். பிறகு குடலுக்குள் ஓரிடத்தில் சிறு தூண்டலைக் கொடுத்துப் பார்த்தார்கள். தூண்டிய இடத்துக்கு மேலே குடல் சுருங்கியது, கீழே தளர்ந்தது. பின்னாலிருந்து தள்ளி, முன்னால் வழிவிடுகிற இந்த வேலைக்கு மூளையின் கட்டளை தேவைப்படவில்லை. 1917இல் ஜெர்மனியின் ட்ரெண்டலென்பர்க் ஒரு படி மேலே போனார். கினிப் பன்றியின் உடலிலிருந்து வெட்டியெடுத்த குடல் துண்டை உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, உள்ளே அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினார். உடம்பே இல்லாத அந்தக் குடலிலும் அலை அலையாகச் சுருக்கம் ஓடியது.

காரணம், குடல் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு வலை இருக்கிறது. அதிலுள்ள நரம்பு செல்கள் 10 கோடிக்கும் அதிகம். இதை 'இரண்டாவது மூளை' என்று எழுதாத பத்திரிகை இல்லை. எனக்கு அந்தப் பட்டம் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது, ஏனென்றால் அது யோசிப்பதில்லை. அனுபவப்பட்ட பஸ் கண்டக்டர் மாதிரி, டிப்போவைக் கேட்காமலே தன் ரூட்டைப் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

தாளம் போடுவதற்கென்று தனியாக செல்கள் இருக்கின்றன. அவற்றை முதலில் விவரித்த ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானியின் பெயரால் கஹால் செல்கள் என்கிறார்கள். இரைப்பையில் நிமிடத்துக்கு சுமார் 3 அலை, சிறுகுடலின் தொடக்கத்தில் சுமார் 12. ஒவ்வொரு அலைக்கும் குடல் சுருங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. சுருங்குவதானால் அந்தத் தாளத்தில்தான் சுருங்கும்.

வெறும் வயிற்றில் நடப்பது வேறு. கடைசியாகச் சாப்பிட்டதெல்லாம் இறங்கிய பிறகு, ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரைப்பையில் தொடங்கிச் சிறுகுடலின் கடைசி வரை பலமான சுருக்கம் ஒன்று மெதுவாக நகர்ந்து போகும். மிச்சம் மீதியை, உதிர்ந்த செல்களை, பாக்டீரியாவை எல்லாம் தள்ளிக்கொண்டு போய்ப் பெருங்குடலில் சேர்க்கும். 1969இல் நாய்களில் இதை முதலில் தெளிவாகப் பதிவு செய்தார்கள். ஹோட்டலில் மதியச் சாப்பாடு முடிந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கழுவி விடுவார்களே, அதுதான் இது. பசி நேரத்தில் வயிறு 'கடமுடா' என்று சத்தம் போடுவதில் இதற்கும் பங்குண்டு. ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டாலும் ஷட்டர் மேலே ஏறிவிடும், கழுவல் நின்றுவிடும். நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருந்தால் கழுவுவதற்கு நேரமே கிடைக்காது.

பெருங்குடல் நிதானமானது. சாப்பாடு சிறுகுடலைக் கடக்கச் சில மணி நேரம் போதும், பெருங்குடலிலோ ஒரு நாளுக்கு மேல்கூடத் தங்கும். நாளுக்குச் சில தடவைதான் அங்கே பெரிய தள்ளல் நடக்கும். அதிலும் எழுந்தவுடனும் சாப்பிட்டவுடனும் அதிகம். இரைப்பையில் ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குகிறது. காபிக்கும் தனியாக அந்தச் சக்தி உண்டு. "காலையில காபி உள்ள போனாத்தான் எனக்குப் போகும்" என்று சொல்லும் தாத்தாக்கள் உடலியலைச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பயந்தால் வயிறு ஏன் கலங்குகிறது?

குடல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டாலும் மூளையிலிருந்து வரும் சேதிக்குக் காது கொடுக்காமல் இல்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட ஓரிரு ஆண்டுகளிலேயே ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற மருத்துவ மாணவர் பூனைகளுக்கு எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய பிஸ்மத் உப்பு கலந்த உணவைக் கொடுத்து, இரைப்பை அசைவதை எக்ஸ்ரே திரையில் பார்க்கத் தொடங்கிவிட்டார். பூனை நிம்மதியாகப் படுத்திருந்தால் அலைகள் ஒழுங்காக ஓடின. அது மிரண்டாலோ கோபத்தில் திமிறினாலோ அலைகள் அப்படியே நின்றன. தடவிக் கொடுத்து அமைதியானதும் மறுபடி ஓடின. உடல் காட்டும் 'போராடு அல்லது ஓடு' எதிர்வினையைப் பற்றிப் பின்னாளில் உலகுக்கு எடுத்துச் சொன்னவரும் இவர்தான். அதற்கான முதல் தடயம் அவருக்குக் கிடைத்தது ஒரு பூனையின் வயிற்றில்.

மனிதரிடம் இதைப் பார்த்தவர் நியூயார்க்கின் தாமஸ் ஆல்மி. 1940களில், தானாக முன்வந்த மருத்துவ மாணவர் ஒருவரின் பெருங்குடலைக் குழாய் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே புற்றுநோய் தெரிவதுபோல் அவர் காதுபடப் பேசினார்கள். பார்த்துக்கொண்டிருந்த குடல் சுவர் சிவந்து, இறுகிச் சுருங்கியது. விளையாட்டுக்குச் சொன்னோம் என்று விளக்கியதும் தளர்ந்தது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. ஆனால் 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்று நாம் சொல்வதை அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

இங்கிருந்துதான் ஒரு கருத்து வேரூன்றியது. கவலையால் குடல் இறுகுகிறது, இறுகுவதால் வலிக்கிறது, இறுக்கத்தைத் தளர்த்தினால் வலி போய்விடும். 'இசிவுக் குடல்' என்று இந்த நோய்க்குப் பெயரே வைத்தார்கள். தசையைத் தளர்த்தும் மாத்திரைகள் வந்தன, இன்றும் முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் அவற்றைத்தான். பலருக்குக் கேட்கவும் செய்கிறது.

ஆனால் கணக்கு எங்கேயோ உதைத்தது. குடல் ரொம்ப மெதுவாக ஓடியும் துளி வலி இல்லாதவர்கள் இருந்தார்கள். வேகமாக ஓடியும் வலி தெரியாதவர்கள் இருந்தார்கள். அலையின் வேகம், பலம், எண்ணிக்கை என்று அளந்து அளந்து பார்த்தாலும் வலிப்பவரையும் வலிக்காதவரையும் அதை வைத்து உறுதியாகப் பிரிக்க முடியவில்லை.

60 மில்லி காற்று

1973இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சி என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு கேள்வியையே மாற்றியது. ஒரு மெல்லிய குழாயின் முனையில் பலூன். அதைப் பெருங்குடலின் கீழ்ப் பகுதியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றடித்து, "வலிக்கிறதா?" என்று கேட்டார். பலூனில் காற்று 60 மில்லியை எட்டியபோது, அதாவது ஒரு சின்ன டம்ளர் காபி அளவு, நோய் இல்லாத 16 பேரில் வலிக்கிறது என்றவர் ஒருவர்தான். ஐ.பி.எஸ். இருந்த 67 பேரில் பாதிக்கு மேல், 55 சதவீதம் பேர், வலிக்கிறது என்றார்கள்.

ஏன் பலூன்? கத்தியாலோ சூட்டாலோ சோதிக்கக் கூடாதா? குடலின் வலி மொழி தோலின் வலி மொழி அல்ல. கொலனோஸ்கோபியில் குடலிலிருந்து ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளி எடுப்பார்கள், நோயாளிக்குத் தெரியாது. அதே குடலைக் காற்றால் ஊதினால் துடித்துப்போவார். வெட்டினால் தெரியாது, இழுத்தால் தெரியும். பலூனைத் தேர்ந்தெடுத்த காரணம் அதுதான்.

உடனே எழும் சந்தேகம் நமக்கும் வரும்: இவர்கள் எதற்குமே சட்டென்று 'ஆ' என்கிற ஆட்களோ? 1990இல் அமெரிக்காவில் வைட்ஹெட் குழு இதைச் சோதித்தது. அதே நோயாளிகளின் கையை ஐஸ் தண்ணீரில் விடச் சொல்லி எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். மற்றவர்களுக்குச் சளைக்காமல் தாங்கினார்கள். குடலில் பலூன் என்று வந்தபோதுதான் சீக்கிரம் போதும் என்றார்கள். 'தாங்குகிற சக்தி இல்லாதவர்' என்ற பழி அங்கேயே விழுந்துவிட்டிருக்க வேண்டும். பல ஆஸ்பத்திரிகளில் இன்னும் விழவில்லை.

பலூனிலும் ஒரு சிக்கல் உண்டு. குடல் சும்மா இருக்கிற குழாய் அல்ல. காற்றடிக்கும்போதே அது சுருங்கிவிட்டால் அதே 60 மில்லி அதிகமாக அழுத்தும். அதனால் 1980களில் பாரோஸ்டாட் என்ற கருவியைச் செய்தார்கள். தொளதொளவென்ற ஒரு பை, அதோடு கம்ப்யூட்டர் பம்ப். குடல் சுருங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சிக்கொள்ளும், தளர்ந்தால் கூடுதலாக அடிக்கும், உள்ளே அழுத்தம் மாறாது. அடுத்து அழுத்தம் கூடத்தான் போகிறது என்று தெரிந்தால் ஆள் பயத்திலேயே வலி என்று சொல்லிவிடுவார் என்பதால், ஏற்றி இறக்கி வரிசையைக் கலைத்தும் அடித்தார்கள். இத்தனைக்குப் பிறகும் நோயாளிகளில் ஒரு பெரும் பகுதியினருக்குக் குறைந்த அழுத்தத்திலேயே வலி தெரிந்தது. எல்லோருக்கும் அல்ல, அதையும் சொல்ல வேண்டும். ஐ.பி.எஸ். என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்று பலர் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் தன்மைக்கு 'உள்ளுறுப்பு மிகையுணர்வு' என்று பெயர். ஊர்த் திருவிழாவில் மைக் செட் போட்டிருப்பார்கள். பாடகர் அதே குரலில்தான் பாடுகிறார். ஆம்ப்ளிஃபையரில் குமிழை யாரோ திருகிவிட்டால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். பாடகரைக் குறை சொல்லிப் பயனில்லை. குடலிலும் அசைவு அதேதான், காற்று அதேதான். அதை மூளைக்குக் கொண்டுபோகிற வழியில் குமிழ் திருகப்பட்டிருக்கிறது.

நம்மூர் 'கேஸ் டிரபிள்' என்ற சொல்லை வைத்தே இதைப் பார்க்கலாம். சின்ன வெங்காய சாம்பார், கொண்டைக்கடலை சுண்டல் சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது என்பவர்கள், தங்களுக்கு மட்டும் அதிகமாகக் காற்று உண்டாகிறது என்று நம்புகிறார்கள். வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, கடலை இவற்றில் சிறுகுடலால் உடைக்க முடியாத சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. அவை பெருங்குடலுக்குப் போனதும் பாக்டீரியா அவற்றைத் தின்று காற்றை விடும். இது எல்லோருக்கும் நடப்பது. 2017இல் நாட்டிங்காம் குழு அப்படிப்பட்ட இனுலின் என்ற சர்க்கரையைக் கலந்த பானத்தை நோயாளிகளுக்கும் நோயற்றவர்களுக்கும் கொடுத்து, எம்.ஆர்.ஐ.யில் குடலில் சேரும் காற்றை அளந்தது. இரு தரப்பிலும் காற்று ஏறக்குறைய ஒரே அளவு. வலியும் உப்புசமும் சொன்னவர்கள் நோயாளிகள்.

குமிழைத் திருகியது யார்?

2000 மே மாதம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்ற சிறு ஊரில் பலத்த மழை. மாட்டுச் சாணக் கழிவு ஊர்க் கிணற்றில் கலந்து, சரியாகக் குளோரின் போடாத தண்ணீர் குழாய்களில் வந்தது. சுமார் 2,300 பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள், 7 பேர் இறந்தார்கள். ஒரே ஊர், ஒரே வாரம், ஒரே காரணம் என்பதால் ஆராய்ச்சியாளர்கள் அந்த மக்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், அப்போது உறுதியாக நோயில் விழுந்தவர்களில் சுமார் 36 சதவீதம் பேருக்கு ஐ.பி.எஸ். இருந்தது. நோய் வராதவர்களில் 10 சதவீதம். எட்டு வருடம் கழித்தும் நோயில் விழுந்தவர்களில் 15 சதவீதம் பேருக்குத் தீரவில்லை. கிருமி போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. குடல் மட்டும் அதை மறக்கவில்லை.

குடலின் நினைவு எங்கே பதிகிறது என்று தேடியபோது மாஸ்ட் செல் என்ற நோயெதிர்ப்பு செல் அகப்பட்டது. ஒவ்வாமையில் அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுவது இதுதான். 2004இல் இத்தாலியின் பொலோன்யா நகரில் பார்பரா குழு, நோயாளிகளின் பெருங்குடலில் மாஸ்ட் செல்கள் நரம்பு நுனிகளுக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தனவோ அந்த அளவுக்கு வலி அதிகம் என்று கண்டது. சாதாரண எண்டோஸ்கோபியில் இது தெரியாது. துணுக்கை எடுத்துத் தனிச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் தேட வேண்டும்.

2021இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு இந்தக் கதைக்கு இன்னொரு கண்ணியைச் சேர்த்தது. எலிக்குக் குடல் தொற்று இருக்கும்போது முட்டைப் புரதத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தொற்று முழுவதும் ஆறிய பிறகு, மறுபடி அதே புரதத்தைக் கொடுத்தால் வலி வந்தது. தொற்று நேரத்தில் குழம்பிய குடல், கூடவே வந்த சாப்பாட்டையும் எதிரிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இது குடலில் மட்டும் நடக்கும் ஒவ்வாமை, உடல் முழுக்கப் பரவியது அல்ல. பிறகு 12 ஐ.பி.எஸ். நோயாளிகளின் மலக்குடல் சுவரில் கோதுமை, பால், சோயா, குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) சாறுகளை நுண்ணிய அளவில் ஊசியால் ஏற்றினார்கள். 12 பேருக்கும் ஏதோ ஒன்றுக்காவது வீக்கம் வந்தது. நோயற்ற 8 பேரில் இருவருக்குத்தான். ஆள் எண்ணிக்கை சிறியது, இதை வைத்துக்கொண்டு நாளையே கோதுமையை விட வேண்டாம். ஆனால் "எதைச் சாப்பிட்டாலும் சேரல" என்ற புலம்பலைக் காது கொடுத்துக் கேட்க இது நல்ல காரணம்.

குடலோடு முடிவதில்லை. ஒரே வழியில் திரும்பத் திரும்ப வலிச் செய்தி போனால் தண்டுவடமும் மூளையும்கூட அதைப் பெரிதாகவே வாங்கப் பழகிவிடுகின்றன. கவலையும் தூக்கமின்மையும் இங்கேதான் நுழைகின்றன. அவை வலியைக் கற்பனையாக உண்டாக்குவதில்லை, திருகிய குமிழை இன்னும் கொஞ்சம் திருகுகின்றன.

இதைப் புரிந்துகொண்டால் டாக்டர் எழுதித் தரும் சில மருந்துகளின் மேல் கோபம் வராது. அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையைக் கூகுளில் தேடினால் மனச்சோர்வுக்கானது என்று வரும். "என்னைப் பைத்தியம்னு நெனச்சுட்டாரு" என்று அதைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுப்பது இதைவிடப் பல மடங்கு. குடல் வலிக்கு இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். அந்த அளவில் அது செய்வது வலி நரம்புகளின் சத்தத்தைத் தணிப்பது. 2023இல் இங்கிலாந்தில் 463 பேரிடம் ஆறு மாதம் நடந்த ஆய்வில் 10 முதல் 30 மில்லிகிராம் வரையிலான அளவே போலி மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. வாய் உலரும், தூக்கம் வரும், மலச்சிக்கல் கூடலாம். தானாக வாங்கிப் போடும் மருந்து அல்ல. குடலை நோக்கிய ஹிப்னாடிச சிகிச்சையை மான்செஸ்டரில் 1984இலேயே சோதித்து நல்ல பலன் கண்டார்கள். வெங்காயம், கோதுமை வகையறாவைச் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் ஆஸ்திரேலிய உணவு முறையும் உண்டு. நிறுத்துவதை மட்டும் செய்துவிட்டுத் திரும்பச் சேர்க்காமலே வருடக்கணக்கில் மெலிகிறவர்களைப் பார்த்தால்தான் கவலை.

நேராக நரம்பின் மேல் கை வைத்த ஒரு மருந்தின் கதையும் உண்டு. நரம்புகளுக்குச் சேதி கடத்தும் செரோடோனின் என்ற ரசாயனத்தில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. அது நரம்பில் நுழையும் வாசல்களில் ஒன்றை அடைக்கும் அலோசெட்ரான் என்ற மருந்து, வயிற்றுப்போக்கோடு வரும் ஐ.பி.எஸ்.ஸுக்காக 2000 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வலியைக் குறைத்தது. கூடவே சிலருக்குக் குடலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தது, கடுமையான மலச்சிக்கல் வந்தது, உயிர்கள் போயின. அதே நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். அப்போது அதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டவர்கள் நோயாளிகள். 2002இல் கடும் கட்டுப்பாடுகளோடு அது மறுபடி வந்தது. 'ஒண்ணும் இல்ல' என்று நாம் சொல்கிற வலிக்காக அவர்கள் அந்த ஆபத்தையும் ஏற்கத் தயாராக இருந்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லா வயிற்று வலியையும் இந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது வயிற்றுப்போக்கு, 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்குவது, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் முழுப் பரிசோதனைதான்.

பாரோஸ்டாட் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. சோதனை நீளமானது, சுகமானதும் அல்ல. அதன் முடிவை வைத்து மருந்தை மாற்றுகிற நிலைக்கும் இன்னும் வரவில்லை. அதனால் நோயை இன்றும் கேள்வி கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். 2016இல் திருத்திய சர்வதேச வரையறைப்படி, கடந்த மூன்று மாதத்தில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வலித்ததா, வலிக்கும் மலம் போவதற்கும் தொடர்பு இருக்கிறதா, போகிற தடவையும் மலத்தின் தன்மையும் மாறினவா என்று கேட்பார்கள். 'கோளாறு எதுவும் இல்லாத கோளாறு' என்ற தொனி இருந்த பழைய பெயரை விட்டுவிட்டு, 'குடல்-மூளை உறவுக் கோளாறுகள்' என்று இந்தக் குடும்பத்துக்கே அப்போதுதான் பெயர் மாற்றினார்கள்.

அடுத்த முறை கவரோடு போகிறவர், டாக்டர் கேட்காவிட்டாலும் ஒன்றைத் தானாகச் சொல்லலாம்: இது ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால், ஒரு கல்யாண வீட்டிலோ பயணத்திலோ சாப்பிட்டு, இரண்டு மூன்று நாள் பேதியாகிப் படுத்திருந்தாரா என்று. பலர் அதை எப்போதோ மறந்திருப்பார்கள். காகிதக் கட்டில் எங்கேயும் அது எழுதப்பட்டிருக்காது.